தித்தியில் விழாமல் போக: மோட்டாரை மெதுவாக ஓட்டிப் பழகும் முழு வழிகாட்டி

அக்கா மகள் மோட்டார் சைக்கிளுக்கான பி2 லைசென்ஸ் எடுக்கப் போனாள். கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 47 சரி. 42 இருந்தாலே போதும். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரம் மோட்டார் பயிற்சிக்குப் போனவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். தித்தியில், அதாவது தேர்வில் மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டிய ஒடுங்கிய பாதையில், மூன்று முறை ஏறி, மூன்று முறையும் பாதியில் கீழே இறங்கிவிட்டாளாம்.

“வேகமா போனா நல்லாத்தான் போவுது மாமா. மெதுவா போனாத்தான் சாயுது.”

அவள் சொன்னதில் பிழையே இல்லை. நேர் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானாகவே நிமிர்ந்து ஓடும். நடக்கிற வேகத்துக்கு இறக்கினால்தான் ஓட்டுபவரின் குட்டு வெளிப்படும். நான் வளர்ந்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அங்கே குலை வெட்டப் போகிறவர்கள் நீளக் கம்பை மோட்டாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பாரிட் (வாய்க்கால்) மேல் போட்ட ஒற்றைப் பலகையில் ஆடாமல் அசையாமல் ஏறி இறங்குவார்கள். வாயில் வெற்றிலை வேறு இருக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி முன்னால் நாம் நடுங்கிக்கொண்டு ஏறும் தித்தி, அவர்களுக்குத் தினமும் காலை ஏழு மணி வேலை.

அவர்களைப் பல வருடம் பார்த்ததிலும், நான் விழுந்து எழுந்ததிலும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மெதுவாக ஓட்டும்போது வலது கால் பின்பிரேக்கில் இருக்க வேண்டும். மண்ணுக்கு வரவே கூடாது. கீழே சொல்லும் எல்லாப் பயிற்சியும் அந்த ஒரு காலைப் பழக்கத்தான்.

ஏன் சாய்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். செம்பனை மட்டையிலிருந்து உரித்த நீள ஈர்க்கு ஒன்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை தானாக ஓடும். அடிப்பகுதியைச் சாய்கிற பக்கத்துக்குக் கொண்டுபோனால் நுனி நிமிர்ந்துவிடும். மோட்டாரும் அப்படித்தான். அது இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டலை இடது பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். சக்கரங்கள் உங்கள் பாரத்துக்கு அடியில் வந்து நிற்கும், மோட்டார் நிமிரும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். ஹேண்டல் ஒரு மயிரிழை திரும்பினாலே சக்கரம் வேண்டிய இடத்துக்கு வந்துவிடும். அந்த அசைவு உங்கள் கண்ணுக்கே தெரியாது. 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூடக் கிடையாது. அதே வேலையைச் செய்ய ஹேண்டலை நன்றாகவே திருப்ப வேண்டும். ஆகவே மெதுவாகப் போகும்போது ஹேண்டல் இடமும் வலமும் ஆடுவது கோளாறு அல்ல. அது ஆடத்தான் வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, தோளை இறுக்கி, ஹேண்டலை இரும்புப்பிடியாகப் பிடிப்பார்கள். அந்த நிமிடமே விழப்போகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வேகம் கூடும்போது திரும்புகிற கணக்கே வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம்.

எந்த மோட்டார்?

கப்சாய்தான், அதாவது சின்ன என்ஜின் உள்ள இலேசான மோட்டார். தோட்டத்து வீடுகளில் 1980களிலிருந்து நின்றுகொண்டிருக்கும் ஹோண்டா ஈஎக்ஸ்5 போதும். எடை ஏறக்குறைய 100 கிலோ, இருக்கை தாழ்வு, விழுந்தாலும் ஒரு ஆள் தூக்கிவிடலாம். அண்ணனுடைய பெரிய மோட்டாரில் பழகுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பயத்தோடு பழகினால் உடம்பு இறுகும் பழக்கம்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும்.

ஈஎக்ஸ்5 மாதிரி மோட்டார்களில் கையில் கிளட்ச் கிடையாது. உள்ளே இருக்கும் கிளட்ச், என்ஜின் சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும், சுற்று இறங்கினால் தானாக விடும். புதியவர்களை ஏமாற்றுவது இதுதான். மெதுவாகப் போக வேண்டும் என்று கேஸை (வலது கையால் திருகி வேகம் ஏற்றும் பிடியை) முழுக்க மூடிவிடுவார்கள். சுற்று இறங்கும், கிளட்ச் விட்டுப்போகும், மோட்டார் சும்மா உருளும். சாயத் தொடங்கியதும் பதறிக் கேஸைத் திருகுவார்கள். கிளட்ச் ‘டபக்’ என்று பிடித்து மோட்டார் முன்னால் குதிக்கும். தித்தியில் அவள் மூன்று முறை விழுந்ததும் இதனால்தான்.

மாற்று வழி எளிது. முதல் கியரில் கேஸைக் கொஞ்சமாகத் திறந்து, என்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைப்பதை வலது காலிடம், பின்பிரேக்கிடம் விட்டுவிடுங்கள். என்ஜின் இழுக்கிறது, பிரேக் பிடித்து நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் மோட்டார் கயிறு கட்டி இழுத்த மாதிரி விறைப்பாக நிற்கும்.

இன்னொரு விஷயம், பல வருடம் ஓட்டியவர்களுக்கே தெரியாது. ஈஎக்ஸ்5இல் கியர் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தால், மிதித்திருக்கும் வரை கிளட்ச் விடுபட்டிருக்கும். பாதத்தை எடுக்கும்போதுதான் பிடிக்கும். ஆகவே மிதியிலிருந்து பாதத்தைப் பட்டென்று எடுக்காமல் மெல்ல எடுத்தால் குலுங்காமல் கிளம்பலாம். கேஸை ஏற்றி வைத்துக்கொண்டு பாதத்தைப் பட்டென்று எடுத்தால் முன்சக்கரம் தூக்கும். பையன்கள் வேடிக்கைக்குச் செய்வது. நீங்கள் தெரியாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கையில் கிளட்ச் உள்ள மோட்டாராக இருந்தால் அந்த இழுபறியைக் கிளட்சிலேயே செய்யலாம். பிடியை முழுக்க விடாமல், மோட்டார் நகர நினைக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தைச் சுற்றி ஒரு விரல் கனம் முன்னும் பின்னும்தான் வேலை. ஸ்கூட்டரில் பின்பிரேக் இடது கையில் வரும், மற்றதெல்லாம் இதேதான்.

தொடங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

வேகமாகப் போகும்போது தெரியாத கோளாறு மெதுவாகப் போகும்போது காட்டிக்கொடுக்கும். டயரில் காற்று குறைந்திருந்தால் ஹேண்டல் கனத்துப் போய்ச் சொன்ன பேச்சைக் கேட்காது. சங்கிலி தொங்கினால் கேஸைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு வெட்டு வெட்டும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆடலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்பிரேக் மிதி கொஞ்சம் மிதித்ததுமே பிடிக்கத் தொடங்க வேண்டும். மோட்டார் சும்மா நிற்கும்போது என்ஜின் செத்துச் செத்துப் போனால் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள்.

முக்கியமாகக் கோன், அதாவது ஹேண்டல் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை யாராவது அழுத்திக்கொள்ள, ஹேண்டலை மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்காருகிறதா? கோன் செட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மோட்டாரில் உலகத்தில் யாராலும் மெதுவாக நேராக ஓட்ட முடியாது. எங்கள் மாமா ஒருவர் மகனை “உனக்கு வராதுடா” என்று இரண்டு மாதம் திட்டினார். கோன் மாற்றிய அன்று பையன் ஓட்டிவிட்டான்.

உங்களுக்கு: சிரிம் தர முத்திரை உள்ள ஹெல்மெட், காலை மூடும் சப்பாத்து, முழுக்கால் சட்டை. ஹெல்மெட் கட்டாயமானது 1973இல்; தாத்தா காலத்துச் சட்டம்தான், ஆனால் தோட்டத்துக்குள் போனால் இன்னும் சைட் மிரரில் மாட்டிக்கொண்டு போகிறோம். விழுவது பெரும்பாலும் பயிற்சியில்தான். ஜப்பான் செருப்பு போட்டுக்கொண்டு பழகாதீர்கள். பிரேக் மிதியை உணர வேண்டிய பாதம் செருப்பைப் பிடித்துக்கொள்வதில் குறியாக இருக்கும்.

இடம்: தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களம், கோயில் முன்னால் உள்ள தார் போட்ட இடம், விடுமுறை நாளில் ஆள் இல்லாத பந்து திடலின் ஓரம். காலை ஏழரைக்கு முன்னால் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு சோர்ந்துவிடும். சோர்ந்த கை தப்பாகத்தான் பழகும். பொது ரோட்டுக்கு எல் லைசென்ஸும் எல் அட்டையும் இல்லாமல் போக வேண்டாம். பி2க்கு வயது 16 ஆனால் போதும். பதின்மூன்று வயசுப் பையனிடம் சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிற அப்பாக்களுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறார்கள்.

முதல் நாள்: என்ஜின் வேண்டாம்

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வைத்து, இடது பக்கம் நின்று, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு களத்தை இரண்டு சுற்று வாருங்கள். பிறகு வலது பக்கம் நின்று தள்ளுங்கள். உங்கள் இடுப்பில் மோட்டார் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். எவ்வளவு சாயும் வரை ஒரு கையால் தாங்க முடிகிறது, எந்த இடத்துக்கு மேல் பாரம் திடீரென்று இறங்குகிறது என்பதை உடம்பு தெரிந்துகொள்ளும்.

அடுத்து ஹேண்டலை முழுக்க இடது பக்கம் திருப்பித் தள்ளிக்கொண்டே முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்துப் பாருங்கள். உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு செய்யுங்கள். மோட்டார் அந்தப் பக்கமே சரிந்து விழப் பார்க்கும். நடந்து போகும் வேகத்திலேயே இப்படி என்றால் ஏறி உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டாம். ஹேண்டல் திரும்பியிருக்கும்போது முன்பிரேக் வேண்டாம் என்று நூறு தடவை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு தடவையில் ஏறிவிடும்.

எனக்கு ஏறியது எண்ணெய் போடும் இடத்தில். வரிசையில் முன்னால் இருந்தவர் நகர்ந்தார், நானும் வளைந்து நகர்ந்தேன். ஒருவர் குறுக்கே வந்தார். வலது கை நான்கு விரலும் முன்பிரேக்கை இறுக்கின. வேகம் மிஞ்சிப்போனால் 4 கிலோமீட்டர் இருக்கும். ஹேண்டலில் தொங்கிய தே ஆயிஸ் (ஐஸ் டீ) பொட்டலம் உடைந்து, நான் அதன் மேலேயே படுத்துக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் முழங்காலில் சிராய்ப்பும், வரிசையில் இருந்த எல்லார் முகத்திலும் சிரிப்பும்.

நேராக ஓடும்போது வேகத்தை நிறுத்த முன்பிரேக்தான் பெரிய பலம் என்பதை இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். ஹேண்டல் நேராக இருந்தால் இரண்டு பிரேக்கும். திரும்பியிருந்தால், அதுவும் ஊர்ந்து போகும்போது, பின்பிரேக் மட்டும்.

விழுந்த மோட்டாரைத் தூக்கவும் அன்றே பழகுங்கள். முதலில் சாவியை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே இடது பக்கத்துச் சைட் ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, காலால் எழுந்து தூக்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்: கிளம்புவதும் நிற்பதும்

இதைத்தான் எல்லாரும் தாவிப் போய்விடுகிறார்கள். பயிற்சிப் பள்ளியிலும் நேரம் இல்லை. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

ஏறி உட்காருங்கள். வலது கால் பின்பிரேக் மேல். இடது கால் மட்டும் தரையில். மோட்டார் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து உங்கள் காலில் நிற்கும். முதல் கியர். கேஸைக் கொஞ்சம் திறந்து, பிரேக்கை மெல்ல விடுங்கள். மோட்டார் நகர்ந்ததும் இடது கால் மேலே வந்துவிட வேண்டும். ஐந்து மீட்டர் போனதும் பின்பிரேக்கை மெல்ல மிதித்து நிறுத்துங்கள். மோட்டார் முழுக்க நிற்கும் நொடியில் இடது கால் இறங்கட்டும். இறங்குவதற்கு முன் ஹேண்டல் நேராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதையே முப்பது தடவை.

அக்கா மகள் முதலில் இரண்டு காலையும் வாத்து மாதிரி விரித்துக்கொண்டு தரையைத் தட்டித் தட்டிப் போனாள்.

“காலை எடு.”

“எடுத்தா விழுந்துருவேன் மாமா.”

“கால் கீழே இருக்கறதாலதாம்மா விழற. பிரேக்கை யாரு மிதிக்கறது, நானா?”

அவள் வலது காலின் ஜீன்சை ஒரு துண்டு ரப்பர் நாடாவால் சுற்றிவிட்டேன், தரைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும் என்று. காலையும் மோட்டாரையும் சேர்த்துக் கட்டவில்லை. யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். இருபதாவது தடவைக்கு மேல் அந்தக் கால் பிரேக்கிலேயே தங்கிவிட்டது. மறுநாள் நாடா தேவைப்படவில்லை.

கால் இரண்டும் தொங்கினால் உடம்பின் பாரம் முழுக்க இருக்கைக்கு வந்துவிடும், முழங்கால் பிடி போய்விடும், பிரேக்கும் போய்விடும். கால் மிதியில் இருந்தால் முழங்கால்களை உள்பக்கம் லேசாக அணைத்து உட்காரலாம். இடுப்பு மோட்டாரோடு சேர்ந்து அசையும். கை சும்மா இருக்கலாம். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, கோழி இறக்கை மாதிரி தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் முதல்: நேர்க்கோடு

20 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் ஏதாவது ஒன்றை வையுங்கள். தண்ணீர் போத்தல் போதும். யாராவது கைப்பேசியில் நேரம் பார்க்கட்டும். 20 மீட்டரை 10 நொடியில் கடந்தால் உங்கள் வேகம் 7.2 கிலோமீட்டர். முதல் நாளில் இது வரும். 15 நொடி என்றால் 4.8 கிலோமீட்டர், நடைவேகம். 20 நொடி எடுத்தால் 3.6. அது வந்துவிட்டால் தோட்டத்துப் பழைய ஆட்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

நேரத்தைத் துரத்தாதீர்கள். என்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் நீங்கள் கேஸால் வேகத்தைப் பிடிக்கிறீர்கள். சத்தம் ஒரே சீராக, தையல் இயந்திரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்க, வேகம் மட்டும் கூடிக் குறைந்தால் கால் வேலை செய்கிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டே உங்கள் ஓட்டத்துக்கு மதிப்பெண் போடலாம்.

இரண்டு எச்சரிக்கை. பின்பிரேக்கை மிதித்துக்கொண்டே நீண்ட நேரம் ஊர்ந்தால் டிரம்மும் கிளட்சும் சூடாகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாம் கியரில் களத்தைச் சுற்றிவந்து, கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பயிற்சி முடிந்ததும் பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போனால் சூடு ஆறவிட்டு நட்டைச் சரிபாருங்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும்? எதிர்முனைப் போத்தலுக்கும் அப்பால். முன்சக்கரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். கை அதைத் திருத்தப் போகும், திருத்தியதைத் திருத்தப் போகும். எங்கள் களத்துக்கு எதிரே மாரியம்மன் கோயில் கோபுரம். “கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே வா” என்றேன். பக்தியால் சொல்லவில்லை, கண்ணின் உயரத்துக்கு மேலே அந்தப் பக்கம் அது ஒன்றுதான் இருந்தது.

திரும்புதல்

முதலில் 10 மீட்டர் அகல வட்டம். இடது பக்கம் ஐந்து சுற்று, வலது பக்கம் ஐந்து சுற்று. பிறகு 8 மீட்டர், பிறகு 6. தலையைத் திருப்பி, வட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். மோவாய் தோளுக்கு வந்துவிட வேண்டும். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, கழுத்து திரும்பினால்தான் தோள் திரும்பும்.

வேகமாக வளைவில் போகும்போது மோட்டாரோடு சேர்ந்து உள்பக்கம் சாய்கிறோம். ஊர்ந்து திரும்பும்போது தலைகீழ். மோட்டாரை உள்பக்கம் சாயவிட்டு, உடம்பை நிமிர்த்தி வெளிப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் திரும்பினால் வலது பிட்டத்தில் பாரம். துணி மூட்டையை ஒரு பக்க இடுப்பில் தூக்கும்போது மறுபக்கம் ஒசிகிறோமே, அதே கணக்கு. இப்படிச் செய்தால் மோட்டார் அதிகம் சாயும், சாய்ந்த அளவுக்குக் குறுகலாகத் திரும்பும், பாரம் மட்டும் சக்கரத்துக்கு மேலேயே இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் வராது. வலது பக்கம் முழுக்கத் திருப்பும்போது கேஸ் பிடித்த கை வயிற்றருகே வந்து மணிக்கட்டு மடங்கும். அறியாமல் கேஸ் திறந்துகொள்ளும். இடது பக்கம் திருப்பும்போது அதே கை நீண்டு கேஸ் மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே மருந்து: கேஸ் பிடியை மேலிருந்து இறுக்காமல் வெளிப்பக்கமாக, கதவுக் குமிழைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

இரண்டு பக்கமும் வந்தபின் இரண்டு வட்டங்களையும் ஒட்டினால் எட்டு. நடுவில் ஒரு நொடி நேராக வரும். அங்கே தலையை மறுபக்கம் திருப்பிவிடுங்கள், மோட்டார் பின்னால் வரும். போத்தல்களை மூன்று மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்தால் வளைந்து வளைந்து போகும் பயிற்சி. எட்டு வந்தவர்களுக்கு இது ஒரு நாள் வேலை.

தித்தி

ஒரு அடி அகலப் பலகையைத் தரையில் போடுங்கள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். பலகை இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கட்டியால் கோடு. ஆனால் பலகைதான் நல்லது. விழுந்தால் ‘டக்’ என்று சொல்லும், மனசாட்சியை ஏமாற்ற முடியாது.

தித்தியில் விழுபவர்கள் பெரும்பாலும் தித்திக்கு வெளியிலேயே விழுந்துவிட்டவர்கள். கோணலாக வந்து, ஏறும் இடத்தில் நிமிர்த்தப் பார்ப்பார்கள். அதற்குப் பத்து மீட்டர் முன்னாலேயே நேராக வந்துவிட வேண்டும். ஏறும் முன் கொஞ்சம் தாராளமாக வாருங்கள். பின்சக்கரமும் ஏறியபின் காலால் பிரேக்கை அழுத்தி மெதுவாக்குங்கள். ஏறும் முன்பே மெதுவாக்கினால் பலகையின் விளிம்பு முன்சக்கரத்தைத் தட்டிவிடும். ஏறியபின் கண் பலகையின் கடைசிக்கு அப்பால். சாய்வது போல் தோன்றினால் பிரேக்கைச் சற்றே விடுங்கள், கேஸைத் தொடாதீர்கள். பிரேக்கை விட்டாலே வேகம் கொஞ்சம் ஏறி மோட்டார் நிமிரும்.

மூச்சை அடக்காதீர்கள். அக்கா மகள் ஏறும்போது மூச்சைப் பிடிப்பாள், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். “பேசிக்கிட்டே போ” என்றேன். என்னைத் திட்டிக்கொண்டே போனாள், அன்று விழவில்லை.

தோட்டத்து ரோடு

களத்தில் வந்தது மண்ணில் வராது, பயப்பட வேண்டாம். செம்மண் ரோட்டில் லோரி டயர் பதிந்த பள்ளத்துக்குள் போய்விட்டால் அதிலேயே போங்கள். குறுக்கே ஏறி வெளியே வரப் பார்த்தால் முன்சக்கரம் சுவரைத் தொட்டு வழுக்கும். சரளைக் கல்லில் ஹேண்டல் கொஞ்சம் நெளியும், நெளியட்டும். குலை ஏற்றும் இடங்களில் உதிர்ந்த செம்பனைப் பழம் கிடக்கும். நசுங்கினால் எண்ணெய்தான். ஆலை வாசல் தாரும் அப்படியே. மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்து ரோடு, காய்ந்த மட்டை, மாட்டுச் சாணம்: எல்லாவற்றுக்கும் முன்னாலேயே மெதுவாக்கி, மேலே போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

பாரிட் மேல் உள்ள பலகைக்கு ஒரு வார்த்தை. இறங்கிப் பாருங்கள். ஆணி அடித்திருக்கிறதா, உளுத்திருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா? சந்தேகம் என்றால் தள்ளிக்கொண்டு போங்கள். முப்பது வருடம் ஓட்டியவர்கள் பச்சைப் பாசியைப் பார்த்தால் இறங்கித்தான் தள்ளுகிறார்கள்.

டவுனில் சோதனை இரவுச் சந்தை நாளில். ஆள் கூட்டம், குழந்தை, கடைக் கயிறு, நகராத கார். ஹேண்டலில் பை மாட்டாதீர்கள். பை ஆடினால் ஹேண்டலும் ஆடும், அந்த வேகத்தில் அது பெரிய விஷயம். நடுவில் இருக்கும் கொக்கியில் அல்லது கூடையில் வையுங்கள். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு நனைந்தால் வழுக்கும். யூ-டர்னில் நடுவில் சந்தேகம் வந்தால் நேராக்கி நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு என்ன அவசரமோ அது அவர் பாடு.

பின்னால் ஆள் ஏற்றும்போது

லைசென்ஸ் கைக்கு வந்தபின் மட்டும். இரண்டு வருடம் புது ஓட்டுநருக்கான பி அட்டை ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் அவசரம் இல்லாத ஆளாகப் பார்த்து ஏற்றுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும், ஹேண்டல் ஆட்டம் கூடும். பின்பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நிற்கும் தூரம் கூடும். முதல் நாள் மறுபடியும் களத்துக்கே போய்க் கிளம்புவதும் நிற்பதும் பத்துத் தடவை.

ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம்தான். வலது பக்கம் எக்சோஸ் (புகைக்குழாய்) இருக்கிறது. அது சுட்ட தழும்பு இல்லாத கால் எங்கள் லயத்தில் குறைவு. ஏறுகிறவர் தோளைத் தொட்டுச் சொன்னபின் ஏறட்டும். அந்த நேரம் உங்கள் வலது கால் பிரேக்கில், முன்பிரேக்கும் பிடித்தபடி, இடது கால் அகலமாகத் தரையில். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார விடாதீர்கள்; மெதுவாகப் போகும்போது அவர் பாரம் முழுக்க ஒரே பக்கம் இழுக்கும்.

எங்கள் பாட்டி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சம்மதித்தார், ஹெல்மெட்டுக்குத்தான் சண்டை. இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அக்கா மகள்தான் அழைத்துப் போகிறாள். பாட்டி ‘இறங்கட்டுமா’ என்று கேட்கும் ஆள் அல்ல. வாசல் தெரிந்ததும் இறங்கத் தொடங்கிவிடுவார். அதனால் அவள் கடைசி மூன்று மீட்டரிலேயே ஹேண்டலை நேராக்கி, வலது காலை அழுத்தி, இடது காலை இறக்கிவிடுகிறாள். மோட்டார் நின்றதற்கு அப்புறம்தான் பாட்டியின் கை தோளிலிருந்து எடுபடுகிறது.